மளிகைச் சீட்டில் ஒரு வரி

இன்ஸ்டன்ட் காபி ஏன் பிடிக்கவில்லை என்று 1940களின் இறுதியில் அமெரிக்க இல்லத்தரசிகளைக் கேட்டபோது, பெரும்பாலோர் சொன்ன பதில் ஒன்றுதான்: ருசி சரியில்லை. நியாயமான பதில். ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர் மேசன் ஹேருக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அவர் இரண்டு மளிகைச் சீட்டுகள் எழுதினார். ஒன்றரை பவுண்டு கொத்துக்கறி, இரண்டு ரொட்டி, ஒரு கட்டு கேரட், பேக்கிங் பவுடர், டின்னில் அடைத்த பீச் பழம், ஐந்து பவுண்டு உருளைக்கிழங்கு. காபி வரி மட்டும் வேறு. ஒன்றில் நெஸ்கஃபே இன்ஸ்டன்ட், மற்றதில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள். சீட்டுக்கு 50 பெண்கள். இன்னொரு சீட்டு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இதையெல்லாம் வாங்கியவள் எப்படிப்பட்டவள் என்று மட்டும் கேட்டார்.

நெஸ்கஃபே வாங்கியவளைச் சோம்பேறி என்றவர்கள் 48 விழுக்காடு. மற்றவளை அப்படிச் சொன்னவர்கள் 4 விழுக்காடு. நெஸ்கஃபேக்காரி நல்ல மனைவி இல்லை என்றே 16 விழுக்காட்டினர் தீர்ப்பளித்தார்கள். அத்தனை கேரட்டும் உருளைக்கிழங்கும் அவளைக் காப்பாற்றவில்லை.

ருசி என்று சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாதவர் வந்து கேட்கும்போது, 'நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பயம்' என்று யார் சொல்வார்? பழியை நாக்கின் மேல் போட்டுவிடுவது கௌரவமான வழி. தன்னைப் பற்றிக் கேட்டால் தயங்குகிறவர் அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டால் தாராளமாகப் பேசுவார். ஊருக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயத்துக்குப் புறத்தேற்று முறை என்ற பெயரும் 1950இல் ஓர் ஆய்விதழில் இடமும் கிடைத்தன.

ஹேர் அதோடு விடவில்லை. இன்னும் சில வீடுகளில் பேட்டி முடிந்ததும் ஏதோ சாக்குச் சொல்லிச் சமையலறை அலமாரியையும் பார்க்க வைத்தார். உள்ளே இன்ஸ்டன்ட் காபி வைத்திருந்தவர்கள், சீட்டுக்காரியிடம் மற்றவர்களைவிடக் கூடுதல் இரக்கம் காட்டியிருந்தார்கள். மனதை அறியும் கலையில் இந்தச் சாக்குக்கும் பங்கு உண்டு. பாடப் புத்தகங்கள் அதை உத்தி என்று மரியாதையாகச் சொல்கின்றன.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்ட பெண்ணை மற்ற பெண்களே இப்படி எடைபோட்டார்கள் என்பது காபியைப் பற்றிய செய்தியா? அந்தச் சமூகத்தைப் பற்றி அதைவிடக் கனமான செய்தி அந்த ஆண்டு வந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் விற்பவருக்கு அது சரக்கு விலைபோகாததற்கான காரணம், அவ்வளவுதான். போர்க்கால வானொலிப் பிரசாரம் கேட்பவர் மனதில் என்ன செய்கிறது என்று அறிய சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் வகுத்த பேட்டி முறையும் இப்படித்தான், சிலரைக் கூட்டிப் பேசவிடும் ஃபோகஸ் குரூப்புக்கு மூதாதையாகிச் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் வந்து சேர்ந்தது. குழுப் பேச்சில் கிடைப்பது ஊகம், அதைப் பிறகு சோதிக்க வேண்டும் என்பது மெர்ட்டனின் நிலை. சோதிக்கச் செலவாகும், ஊகமே போதும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள்.

1970இல் வெளிவந்த ஒரு மறுஆய்வில் அதே போன்ற சீட்டுகளை வேறு பெண்களிடம் கொடுத்தார்கள். பழைய வேறுபாட்டைக் காணவில்லை. விளம்பரம் அதைத் துடைத்ததா, பெண்கள் வேலைக்குப் போனது துடைத்ததா என்பது சீட்டுக்குத் தெரியாது. இரண்டு முறையும் சீட்டுக்கு உரியவள் ஒரு பெண். ஓர் ஆண் அதே நெஸ்கஃபேயை வாங்கியிருந்தால் அவனை என்ன சொல்லியிருப்பார்கள் என்ற கேள்வி அந்தத் தாள்களில் இல்லை.