மனம் ஆற ஒரு கூட்டம்: ஆன்மிகக் கேள்வி பதில்

வாசகி, பெல்மதுளை: வீட்டுக்காரர் தவறி ஏழு மாதம் ஆகிறது. கருமாதி முடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் சிலர் மூன்று நாள் மனஆறுதல் முகாம் ஒன்றுக்கு வேன் பிடித்துப் போகிறார்கள். வட்டமாக உட்கார்ந்து துக்கத்தைச் சொல்லி அழலாமாம். ஆண்டுத் திவசம் முடியாமல் வெளியிடத்தில் போய் அழுவது குடும்பத்துக்கு ஆகாது என்று மாமியார் தடுக்கிறார். போகலாமா?

போங்கள் அம்மா. ஆண்டு முடியும்வரை சுபகாரியங்களைத் தள்ளிவைப்பது நம் வழக்கம். ஆறுதல் தேடிப் போவதைத் தடுக்கும் சாத்திரம் எதையும் நான் படித்ததில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: உங்களுக்குப் புருஷன் போன அதே நாளில் அவருக்கு மகன் போனான். வேனில் இடம் இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் திலகவதியார்தான் நினைவுக்கு வந்தார். திருநாவுக்கரசரின் அக்கா என்ற அளவில் அவரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அது ஆறாத குறை. சேக்கிழார் பெரியபுராணத்தில் அவர் பட்ட பாட்டைச் சொல்லியிருக்கிறார். திருவாமூரில் அப்பா புகழனார் நோயில் போனார். அம்மா மாதினியார் பின்னாலேயே போனார். அந்த ஈரம் காய்வதற்குள், மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தி வந்தது. வாழ்ந்து என்ன என்று அந்தப் பெண் உயிரை விடத் துணிந்துவிட்டார். அப்போது அவரைத் தடுத்தது யார்? உபதேசம் செய்ய ஒரு முனிவரும் வரவில்லை. தம்பி, சின்னப் பையன், காலில் விழுந்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன்னைத்தானே கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன், நீ போனால் உனக்கு முன்னே நான் போவேன் என்று அழுதான். அவர் உயிரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு திருவதிகைக்குப் போனார். விடியுமுன் எழுந்து கோயில் வாசலைக் கூட்டினார், சாணம் போட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். இன்னொருவர் கை அவரைப் பிடித்தது. அதன் பிறகு அவர் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. முகாமில் உங்களுக்கு முதலாவது கிடைக்கலாம். இரண்டாவதை நீங்கள்தான் தேடவேண்டும். திரும்பி வந்ததும் தோட்டத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை வேலை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பூக்கட்டினாலும் சரி, விளக்குத் துலக்கினாலும் சரி.

வாசகர், காவத்தை: முகாமுக்குப் போய்வந்த என் தங்கை, இனி மனநோய் மாத்திரை வேண்டாம், பிரார்த்தனை போதும் என்று அங்கே சொன்னதாக நிறுத்திவிட்டாள்.

இன்றைக்கே இரத்தினபுரி போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் காவி கட்டியிருந்தாலும் வெள்ளை கட்டியிருந்தாலும் அவர் குரு இல்லை. இராத்திரியில் பயமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.

வாசகர், இறக்குவானை: பெருந்தொகை கட்டினால் ஒரே நாளில் ஏழு பிறவித் துயரும் தீரும் என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குங்கள்.

இளைஞர், பலாங்கொடை: பேராதனைக்குப் பக்கத்தில் தம்மகூட விபாசனா நிலையத்தில் பத்து நாள் பேசாமல் இருக்கும் பயிற்சிக்கு நண்பன் கூப்பிடுகிறான். நாங்கள் சைவர்கள். போனால் குற்றமா?

குற்றமில்லை தம்பி. அந்த முறையை உலகமெல்லாம் கொண்டுபோன கோயங்கா, மாண்டலேயில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடி 1955-இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போனார். ஊ பா கின் பர்மிய அரசாங்கத்தின் தலைமைக் கணக்காளர். தலைவலிக்காக மட்டும் இங்கே வராதே என்று முதலில் அவரைத் திருப்பி அனுப்பினார். எனக்கு அந்தக் கண்டிப்பு பிடிக்கும். கோயங்கா 1969-இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார். கட்டணம் கிடையாது, பயிற்சியை முடித்தவர்கள் விரும்பினால் அடுத்து வருபவர்களுக்காகக் கொடுப்பார்கள். விடிய நாலு மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்றரை நாள் மூச்சைக் கவனிப்பது, பிறகு உடம்பில் எழும் உணர்ச்சிகளைக் கவனிப்பது, பத்தாம் நாள் எல்லா உயிருக்கும் நன்மை வேண்டி வாய் திறப்பது.

அந்தப் பத்து நாளும் செபமாலை, மந்திரம், வேறு வழிபாடு எதுவும் வேண்டாம் என்பார்கள். ஒப்புக்கொண்டு போனால் ஒழுங்காக இருங்கள். போர்வைக்குள் ஒளித்துவைத்து உருத்திராட்சம் உருட்டுவது இரண்டு வழிக்கும் செய்யும் துரோகம். இன்னொன்று: வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால், மனம் உடைந்து மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், இப்போது வேண்டாம். விண்ணப்பத்திலேயே அதைக் கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள். புதிதாய்த் துக்கப்பட்டவனுக்கு முதலில் பேச ஆள் வேண்டும், மௌனம் பிறகு.

வாசகி, எகலியகொடை: இறந்துபோன அப்பா கனவில் வந்து ஒன்றும் பேசாமல் நிற்கிறார். பரிகாரம் என்ன?

அமாவாசைக்குக் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஆசிரியை, இரத்தினபுரி: எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நின்று பல வருடம் ஆகிறது. படித்த பிள்ளைகள் அதை மூடநம்பிக்கை என்கிறார்கள். அதே பிள்ளைகள் மனஆறுதல் முகாம்களுக்கு ஆசையாகப் போகிறார்கள். எது சரி?

முகாம் சரி. காமன் கூத்தை நிறுத்தியது தவறு. நீங்கள் ஆசிரியை, அதனால் உரிமையோடு கடிந்துகொள்கிறேன்: பிள்ளைகளுக்கு அது என்ன என்று யார் சொல்லிக்கொடுத்தோம்?

கந்தபுராணத்தில் காமதகனப் படலம் இருக்கிறது. சிவபெருமான் மோனத்தில் இருக்கிறார். சூரபன்மனிடம் அகப்பட்ட தேவர்களுக்கு ஒரு குமாரன் பிறந்தாகவேண்டும். சாவு நிச்சயம் என்று தெரிந்தே மன்மதன் அம்பு தொடுக்கிறான், எரிகிறான். தேவர்களுக்குக் காரியம் ஆகிவிட்டது. ரதிக்கு? அவள் அழுகிறாள். கல்யாணக் கோலத்தில் இருந்த இறைவனிடமே போய்ப் புருஷனைத் தா என்று கேட்கிறாள். அவரும் தருகிறார், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி. புருஷனை இழந்த எந்தப் பெண்ணிடமும் கேட்டுப்பாருங்கள், அவள் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவதை ஒத்துக்கொள்வாள்.

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது இந்தக் கதையையும் கூடக் கொண்டுவந்தார்கள். மாசி அமாவாசை கழித்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ரதி, மன்மதன் வேடம் கட்டுபவர்கள் விரதம் இருந்து லயம் லயமாக வருவார்கள். பௌர்ணமி இரவில் காமன் எரிவான். ரதி ஒப்பாரி வைக்கும்போது பொட்டலில் இருக்கும் அத்தனை பெண்களும் அழுவார்கள். மன்மதனுக்காகவா அழுதார்கள்? மலேரியாவில் போன பிள்ளைக்காக அழுதார்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தம் நம்மவர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது; ஒரே லயத்தில் அக்காவுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தங்கச்சிக்கு இல்லை. போகவேண்டியவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகம் அழுகைக் கோச்சி என்றது. 1977, 1981, 1983 என்று கலவரங்கள் வந்தன. சப்ரகமுவையில் எரிந்த லயங்களை விட்டு எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்குப் போயின. இதற்கெல்லாம் நின்று அழ, வேலைநாளில் எந்தத் துரை நேரம் கொடுத்தான்? வருஷத்தில் அந்த ஓர் இரவு, ரதியோடு சேர்ந்து அழுதார்கள். மூன்றாம் நாள் காமன் எழுந்தான். மறுநாள் காலையில் பிரட்டுக்குப் போனார்கள்.

வேடம் கட்டத் தெரிந்த பெரியவர்கள் அடுத்த தோட்டத்திலாவது இருப்பார்கள். மாசிக்கு முன்னால் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

வாசகர், பெல்மதுளை: பெண்கள் முகாமுக்குப் போய் அழட்டும். ஆம்பிளைக்குத் துக்கம் வந்தால் சிவனொளிபாதமலை ஏறினால் போதாதா?

ஏறுங்கள், நல்லது. உங்கள் ஊர்க் கல்பொத்தாவல விகாரையிலிருந்துதான் டிசம்பர் போயாவுக்குச் சமன் தெய்வத்தின் உருவம் மலைக்குப் போகிறது, வெசாக்கில் திரும்பி வருகிறது. அந்தப் பாதையில் சைவர், பௌத்தர், இஸ்லாமியர், கிறிஸ்தவர் எல்லாரும் ஏறுகிறார்கள். 2,243 மீற்றர் உயரத்தில் சூரியன் எழும்பும்போது கண் கலங்காதவனை நான் கண்டதில்லை.

ஆனால் ஆம்பிளை அழக்கூடாது என்று எங்கே படித்தீர்கள்? சீதையைக் காணாத இராமன் மரத்தையும் ஆற்றையும் விசாரித்து அழுதான். பக்கத்தில் இலக்குவன் இருந்தான், தேற்றினான். நம் ஆட்கள் இலக்குவனை விட்டுவிட்டுக் கசிப்புக் கடைக்குப் போகிறார்கள். பெட்டைகள் அழுவார்கள், நாங்கள் தாங்குவோம் என்று சொன்ன எத்தனை பேரை நாற்பது வயதில் தூக்கிப்போய் எரித்திருக்கிறோம் என்று உங்கள் தோட்டத்திலேயே எண்ணிப்பாருங்கள். இதே பக்கத்தில் முதல் கேள்வி கேட்ட அம்மாவும் உங்கள் ஊர்தான். அந்த வேனில் ஆண்களும் போகலாமா என்று விசாரியுங்கள். ஆண்களுக்கு இல்லையென்றால், மலைக்குப் போகும்போது தனியே போகாதீர்கள். துக்கத்தில் இருக்கும் இன்னொருவனையும் கூட்டிப்போங்கள், ஏறும்போது அவனைப் பேசவிடுங்கள்.