கறி இல்லாத இலை

காரைக்கால் என்றதும் திருநள்ளாறும் மாங்கனியும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனி மாதத்தில் அங்கே நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பிட்சாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளில் இருந்து பக்தர்கள் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் அதைப் பிடித்து, பிரசாதமாக வீட்டுக்குக் கொண்டு போவார்கள். ஆனி, மாம்பழக் காலம். வாரி இறைக்கும் அளவுக்குப் பழம் மலிந்திருக்கும் மாதம்!

இந்த விழாவுக்குக் காரணமான கதையை, 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். கணவர் பரமதத்தர் இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். அந்த நேரம் புனிதவதியாரின் அடுப்படியில் சோறு தயார். கறி இன்னும் ஆகவில்லை. 'சற்றுப் பொறுங்கள்' என்று அவர் சொல்லவில்லை. ஒரு மாங்கனியைச் சோற்றோடு வைத்து அமுது படைத்தார்.

கறி இல்லாத இலைதான். அதைக் குறையுள்ள இலை என்று யாராவது சொல்வோமா?

இன்றைக்கு நம் வீட்டில், 'இது மட்டும்தானா?' என்று ஒருவர் முகம் சுளித்தால் போதும். நமக்கு மனசு கேட்பதில்லை. மறுநாளே கடைக்கு ஓடுகிறோம். கேட்டதை எல்லாம், கேட்ட நேரத்தில் சமைத்துப் போடுவதுதான் அன்பா? அந்த மாதம் விளைந்ததைக் கொண்டு சமைத்தால் அன்பு குறைந்து விடுமா?

மாம்பழத்தையே எடுத்துக் கொள்வோம். பங்குனி பிறந்ததுமே நாம் பழம் தேடுகிறோம். முற்றாத காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்கிறார்கள். சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. தடையை மீறியும் நடக்கிறது என்றால், வாங்கும் கைகள் இருப்பதும் ஒரு காரணம்தானே? அவசரம் வியாபாரியுடையது மட்டுமல்ல, நம்முடையதும்தான்!

காரைக்கால், காவிரியின் கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எத்தனையோ வாய்க்கால்களைக் கடந்து கடைசியாகத்தான் அங்கே வந்து சேரும். டெல்டா விவசாயிகள், சம்பா அறுவடைக்குச் சில நாள்கள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளித்து விடுவார்கள். மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் குடித்தே அவை விளைந்து விடும். அந்த மண், இருப்பதைக் கொண்டு நிறைவு காண்கிறது.

நம் பண்டிகைகளும் இதைத்தான் சொல்கின்றன. சித்திரை முதல் நாளில் மாங்காயும் வேப்பம்பூவும். தைப் பொங்கலுக்குப் புத்தரிசி, மொச்சை, அவரை, பரங்கி, சர்க்கரைவள்ளி. அந்த மாதம் விளைந்ததே அந்த நாளின் நைவேத்யம்!

'இருக்கிற வேலை போதாதென்று இது வேறா?' என்று கேட்கிறீர்களா? இது சுமையை இறக்கி வைக்கும் வழி. நாலு கறி வேண்டியதில்லை. பருவத்துக் காய் ஒன்று போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய் விலை ஏறினால், சித்திரை வெயிலில் காய வைத்த வற்றல் இருக்கிறதே! நோயாளிக்கும் குழந்தைக்கும் தேவையானதை எந்த மாதத்திலும் வாங்கலாம், அதில் தவறில்லை.

கத்திரிக்காய் மலிந்து கிடக்கும் வாரத்தில் விளைவித்தவருக்குப் பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் போகும். அந்த வாரம் நாம் கூடுதலாக ஒரு கிலோ வாங்கி, பக்கத்து வீட்டுக்கும் குழம்பு கொடுத்தால், அதுவும் ஒரு அமுது படையல்தான்.

கதையின் முடிவையும் நினைத்துப் பாருங்கள். புனிதவதியார் தவித்து நின்றபோது அருளால் வந்த கனி, இணையற்ற இனிப்பாக இருந்தது. அதை நம்பாமல் பரமதத்தர் கேட்ட இன்னொரு கனியோ, அவர் கைக்கு வந்ததும் மறைந்து போனது!

மழையும் மண்ணும் தருவதும் அருள்தான். அது வரும் நேரத்தில் ஏற்றுக்கொண்டு, வந்தவரோடு பகிர்ந்து உண்போம். நம் வீட்டு இலையும் நிறையும்!