எதற்கும் இருக்கட்டும்

நல்லது செய்வதாக எண்ணி ஒருவன் அளவுக்கு மேல் செய்துவிடுகிறான். அதனால் விளையும் கேடு வெளிப்படும்போது அவன் அங்கே இருப்பதில்லை. பிறகு வந்து தொட்டவன்தான் அகப்பட்டுக்கொள்கிறான். பழி யாரைச் சேர வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்குள் எழுந்த இடம் கோயிலுமல்ல, கோர்ட்டுமல்ல. சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் பூமியில், குருவிகுளத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. பஸ் வரும்வரை நிழலுக்காக அங்கே ஒதுங்கி நின்றேன்.

பழைய புல்லட் ஒன்றுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்த பிறகு, திருவொற்றியூரிலேயே உருவாகி நம் ஊர்த் தெருக்களை அதிரவைத்த வண்டி அது. மீசை அரும்பிய பையன் ஒருவன் எஞ்சினின் அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினான். போல்ட்டோடு வெள்ளி நூல் போல அலுமினிய மரையும் சுருண்டு வந்துவிட்டது.

"பய கெடுத்துட்டானே!" என்றார் வண்டிக்காரர்.

மெக்கானிக் போல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். "இது இன்னிக்குக் கெட்டதில்ல, அண்ணாச்சி. முன்னால முறுக்கினவன் பெலத்தையெல்லாம் காட்டியிருக்கான்."

"அதெல்லாம் எனக்கெதுக்கு? கழட்டினது இவன்தானே?"

பையன் வாயே திறக்கவில்லை. மெக்கானிக் கூலி வாங்காமல் பெரிய அளவில் புது மரை வெட்டி, அதற்கேற்ற போல்ட்டைப் போட்டுக் கொடுத்தார். வண்டிக்காரர் போகும்போதும் பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

போல்ட்டை முறுக்கும்போது அது மயிரிழையளவு நீளுகிறது. நீண்டது மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புத்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து வைக்கிறது. எல்லை கடந்து இழுத்துவிட்டால் அது திரும்பிச் சுருங்காது. அலுமினியத்துக்குள் எஃகு போல்ட்டை முறுக்கினாலோ, எஃகுக்கு ஒன்றும் ஆவதில்லை. மென்மையான மரைதான் பிய்ந்துபோகிறது. (குடும்பங்களில் நடப்பதும் இதுதான் என்று எழுதத் தொடங்கினால் அது ஒரு நாவலாகிவிடும்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் கையை நாம் நம்ப முடியாது. நூறு பங்கு பலம் கொடுத்து முறுக்கினால், ஏறத்தாழ ஐம்பது பங்கு போல்ட்டின் தலைக்கடியில் உராய்விலும், நாற்பது பங்கு மரையின் உராய்விலும் செலவாகிவிடுகிறது. போல்ட்டை இழுப்பதற்கு மிஞ்சுவது பத்துப் பங்குதான். மரையில் துரு இருந்தால் அதுவும் குறையும். எண்ணெய் இருந்தால் கூடும். "நன்றாக இறுகிவிட்டது" என்று கை சொல்லும்போது அது தன் சிரமத்தைத்தான் சொல்கிறது. பல்லாண்டு பழகிய கைகள் உண்டு. அவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கைகளும் ஒரு காலத்தில் பல மரைகளைத் தின்றுதான் பழகியிருக்கும்.

தளர்ந்த போல்ட் ஆபத்தில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்துத்தான், சக்கரத்து நட்டு கழன்றால் உயிரே போகும். அந்தப் பயம் நியாயமானது. சரியான அளவுவரை முறுக்கியவன் வண்டியில் போகிறவனை நினைத்து முறுக்கினான். அதற்கு மேல், "எதற்கும் இருக்கட்டும்" என்று கொடுத்தானே ஒரு முறுக்கு, அது யாருக்காக? அன்றிரவு தான் நிம்மதியாகத் தூங்குவதற்காக. அந்தத் தூக்கத்தின் விலையை, தனக்கு முகம்கூடத் தெரியாத ஒரு பையன் தலையில் கட்டிவிட்டான். இதைக் கவனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு ஒரு கருவி உண்டு. டார்க் ரெஞ்ச் என்பார்கள். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏற்படும் முறுக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர். இந்தக் கணக்கில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் உரிய அளவை வண்டியின் புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கருவியில் அந்த எண்ணைத் திருகி வைத்துவிட்டால், அளவு வந்ததும் 'டிக்' என்று அது சொல்லிவிடும்.

குருவிகுளத்துப் பட்டறையிலும் ஒன்று இருந்தது. எஞ்சின் தலையைப் பூட்டும்போது மட்டும் எடுப்பார்களாம். மற்ற நேரமெல்லாம் துணி சுற்றி அலமாரியில். அதை எடுத்தவர்களிலும் பலர், 'டிக்' சத்தம் கேட்ட பிறகு இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் கீழே வைக்கிறார்கள் என்று மெக்கானிக் சொன்னார்.