சிற்றறையில் சரவிளக்கு

பார்ப்பதற்காக ஏற்றும் விளக்கு ஒன்று. பார்க்கப்படுவதற்காக ஏற்றும் விளக்கு வேறொன்று. இவற்றில் எது விளக்கு என்ற கேள்விக்குத் தமிழ் முன்பே ஒரு பக்கமாகத் தீர்ப்பு எழுதிவைத்திருப்பதுபோல் படுகிறது. விளக்கு என்பது பெயர் மட்டுமன்று, வினையும்கூட. பாத்திரத்தை விளக்குகிறோம்; கருத்தை விளக்குகிறோம். இரண்டிலும் விளக்க உதவியது கரைந்துபோய் விளக்கப்பட்டது மிஞ்சுகிறது. துலக்கிய செம்பைப் பார்ப்பவன் புளியை நினைப்பதில்லை. அப்படியானால், எட்டுக்குப் பத்து அறையின் நடுவில் தன்னையே பார் என்று தொங்கும் சரவிளக்கு, தன் பெயருக்கே துரோகம் செய்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ரசனையுள்ளவர்கள் பலரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை.

நான் இதை யோசிக்க நேர்ந்த இடமும் ஒரு காரணம். அடி அண்ணாமலை, மலைக்கு மேற்கே, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கும் சிற்றூர். அங்கே எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் முன்னறையும் கூடமும் படுக்கையறையும் எல்லாம் ஒன்றுதான். ஒரு கட்டில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சாமி படங்கள். நடுவில், நிற்பவன் தலைக்கு ஒரு சாண் மேலே, பித்தளை முலாமும் கண்ணாடி மணிகளுமாக ஒரு சரவிளக்கு. கல்யாண மண்டபத்தில் இருக்க வேண்டியது. என்னோடு வந்த நண்பர் தெருவுக்கு வந்ததும் சிரித்தார். 'பகட்டு' என்றார். இதே விளக்கு ஒரு செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையில் தொங்கினால் அண்ணாந்து பார்த்து மரபு என்றிருப்பார். அழகு சதுர அடியைப் பொறுத்ததா? அல்லது அந்தச் சிரிப்பு ரசனையின் வேஷம் போட்டுக்கொண்ட வேறு ஏதாவதா?

1988-89இல் மத்திய அரசு 'குடிர் ஜோதி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள கிராமக் குடும்பங்களுக்கு, வீட்டுக்கு ஒரு விளக்கு என்று மின் இணைப்பு. சிம்னிப் புகையில் படித்த பிள்ளைகளுக்கு அந்தக் குண்டு பல்பு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அந்த ஒற்றை பல்புக்குள் ஓர் அனுமானமும் எரிந்துகொண்டிருந்தது. ஏழைக்கு வெளிச்சம் ஒரு தேவை மட்டுமே. தேவை ஒரு பல்போடு முடிந்துவிடுகிறது. வெளிச்சத்தை வெளிச்சமாகவே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் உரிமை, கூடம் வைத்து வீடு கட்டியவர்களுக்கு. என் நண்பரின் சிரிப்பில் இருந்ததும் இந்த அனுமானம்தான். சரவிளக்கு வாங்கியவர் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். தன் அறையில் உபயோகமில்லாத ஒன்றுக்கும் இடமுண்டு என்கிறார்.

ஜப்பானிய நாவலாசிரியர் தனிஸாகி 1933இல் நிழலைப் போற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மின்விளக்கின் மிகை வெளிச்சம் தன் நாட்டு அறைகளின் அழகைத் தின்றுவிட்டது என்பது அவருடைய துக்கம். இருட்டறையில் வாழ வேண்டிவந்த முன்னோர்கள்தாம் இருட்டிலேயே அழகைக் கண்டுபிடித்தார்கள் என்கிறார். நம்மிடையே அவரைப் படித்தவர்கள், சிறிய அறைக்கு ஓர் அகல் போதும் என்று சொல்லிவிடக்கூடும். அகலின் அழகில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவனுக்குத்தான் இருட்டு ஓர் அனுபவமாகிறது. மற்றவனுக்கு அது வெறும் இருட்டு.

அதற்காக, அவரவர் வீடு அவரவர் விளக்கு என்று விட்டுவிடுவதும் நேர்மையாகாது. பார்க்கப்படும் விளக்குக்கும் ஒரு தர்மம் இருக்க வேண்டும். அதை அறிய அடி அண்ணாமலையிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அந்த மலையின் கதையே அளவுக்கு மிஞ்சிய ஒரு விளக்கின் கதை. அடியும் முடியும் காணாமல் விஷ்ணுவும் பிரம்மாவும் சோர்ந்துபோன தீத்தம்பம், உலகம் தாங்காது என்பதால் தானே குளிர்ந்து மலையானதாக ஸ்தல புராணம் சொல்கிறது. உலகம் என்ற அறைக்குத் தான் மிகப் பெரிது என்று உணர்ந்த வெளிச்சம் அது. அண்ணாமலை என்றால் அணுக முடியாத மலை என்று பொருள் சொல்வார்கள். கார்த்திகையன்று மாலை 6 மணிக்கு, 2668 அடி உயரத்தில், செப்புக் கொப்பரையில் நெய்யும் துணித் திரியுமாக அந்தத் தீ மறுபடியும் ஏற்றப்படுகிறது. அந்த வெளிச்சத்தைக் கொண்டு கீழே ஊரில் யாரும் ஒரு வரி வாசிக்க முடியாது. பார்க்கப்படுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஆனால் அது தூரத்தில் இருக்கிறது. வருஷத்தில் 11 நாட்கள் எரிந்து ஓய்ந்துவிடுகிறது. அதைப் பார்த்தபின் வீடுதோறும் வாசலில் அகல் ஏற்றுகிறார்கள். தன்னைப் பார்க்கச் சொன்ன விளக்கு, பார்த்தவன் கையில் ஒரு விளக்கைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

சிறிய அறையில் தூரம் கிடையாது. சரவிளக்கு அங்கே தவறிப்போகும் என்றால் இதனால்தான். விலையாலோ வீட்டுக்காரரின் வருமானத்தாலோ அல்ல. இல்லாத தூரத்தை வேறு எதையாவது கொண்டு உண்டாக்க வேண்டும். டென்மார்க்கின் போல் ஹென்னிங்சன் 1920களில் அடுக்கடுக்கான மூடிகள் கொண்ட விளக்குகளை வடிவமைத்தார். விளக்கு கண்ணுக்குத் தெரியும். பல்பு கண்ணைக் குத்தாது. அவர் மறைப்பைக் கொண்டு தூரத்தை உண்டாக்கினார். கோயில் கருவறையும் சிறிய அறைதான். அங்கே தீபாராதனையின்போது விளக்கு ஒரே இடத்தில் நிற்பதில்லை. முகத்தையும் பாதத்தையும் காட்டிவிட்டு, தட்டில் நம்மிடம் வருகிறது. நாம் ஒற்றிக்கொண்டதும் விலகிவிடுகிறது. அங்கே அசைவு தூரமாகிறது.

அடி அண்ணாமலை வீட்டில் காலம் தூரமாகியிருந்தது. அந்தக் குடும்பம் நாள்தோறும் புழங்குவது சுவரிலுள்ள குழல்விளக்கின் வெளிச்சத்தில். பிள்ளைகள் படிப்பதும் அரிசி புடைப்பதும் அதில்தான். சரவிளக்கைப் பொங்கலுக்குப் போடுவார்கள், கார்த்திகைக்குப் போடுவார்கள், பெண் பார்க்க வந்தபோது போட்டார்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து என்று ஒருவர் சொல்லலாம். இருக்கட்டும். சிக்கனத்திலிருந்து பிறந்தாலும் நியமம் நியமந்தான். மற்ற நாட்களில் அது அணைந்தபடி, வரப்போகும் ஒரு நாளை நினைவில் வைத்துக்கொண்டு தொங்குகிறது.

ஆகவே, சிறிய அறைக்குப் பெரிய விளக்கு தகுமா என்று கேட்பவருக்கு என்னிடம் அளவுகோல் எதுவும் இல்லை. கேட்பதற்குக் கேள்விகள் உண்டு. அதை எத்தனை நாள் அணைத்து வைக்க உங்களால் முடியும்? ஏற்றிய நாளில் அதன் கீழே வந்து உட்காருபவர் முகம் துலங்குகிறதா, அல்லது அவரும் ஒரு மர சாமானாகிவிடுகிறாரா? வந்தவர் முகம் துலங்கினால் அது எவ்வளவு பெரிதானாலும் விளக்கு. இல்லையென்றால் பெரிய மண்டபத்தில் தொங்கினாலும் அது வெறும் கண்ணாடியும் பித்தளையும்தான்.