பக்கத்து வகுப்பு ஆசிரியர்

எல்லாம் தெரிந்தவராகப் பிள்ளைகள் முன்னால் நின்றே காலம் கழித்தவருக்கு, "எனக்கு இது வரலை" என்று இன்னொரு ஆசிரியரிடம் சொல்ல நா எழாது. கேட்க வேண்டிய ஆள் நேற்று வேலைக்கு வந்த இளையவர் என்றால் இன்னும் கஷ்டம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொழில்நுட்பம் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்தத் தயக்கத்தில்தான்.

2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருந்தது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் மதிப்பீடே செல்போனுக்குள் போய்விட்டது. பள்ளி விவரங்களைப் பதிவு செய்யும் எமிஸ், ஹைடெக் லேப், ஸ்மார்ட் போர்டு என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி உண்டு. மாநிலம், மாவட்டம், வட்டார வள மையம் என்று படிப்படியாக இறங்கி வரும். ஆனால் சந்தேகம் பயிற்சிக் கூடத்தில் வருவதில்லை. மூன்றாவது பீரியடில் படம் ஓடி, சத்தம் மட்டும் வராதபோதுதான் வரும். அப்போது கைகொடுக்கப் பக்கத்து வகுப்பு ஆசிரியரைத் தவிர வேறு யார்?

அவரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்: "குடுங்க டீச்சர், நான் போட்டுத் தர்றேன்." இரண்டு நிமிடத்தில் வேலை முடிகிறது. அடுத்த மாதமும் அதே செல்போன், அதே கை. இதை உதவி என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒருவர் நிரந்தரமாகக் கையேந்த, இன்னொருவர் சம்பளமில்லாத குமாஸ்தா ஆகிறார். பள்ளி முழுவதற்கும் எமிஸ் பதிவு செய்யும் இளம் ஆசிரியரின் வகுப்பு அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கற்றுக்கொடுக்கிறவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். எதிரே இருப்பவரின் விரல் தடுமாறட்டும், ஓடிபி காலாவதியாகட்டும், மறுபடி வரட்டும். 'ஞ' எழுதத் திணறும் குழந்தையிடம் காட்டும் பொறுமையைச் சக ஆசிரியரிடம் காட்ட நமக்கு ஏனோ மனம் வருவதில்லை.

மூத்தவரிடமிருந்து இளையவர் பெறவும் நிறைய இருக்கிறது. புளியங்கொட்டையையும் குச்சிக் கட்டையும் வைத்து இடமதிப்பு நடத்திய ஆசிரியைக்கு, வீடியோவை எந்த இடத்தில் நிறுத்தி, எந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று தெரியும். அது எந்தச் செயலியிலும் இல்லை. நான் பார்த்தவரை, முழு வீடியோவையும் ஓடவிட்டுவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பவர்கள் தொழில்நுட்பம் நன்றாகத் தெரிந்தவர்களே.

"ரிட்டயர்மென்ட்டுக்கு மூணு வருஷம்தான் இருக்கு, எனக்கெதுக்கு?" என்பவர்களும் உண்டு. அந்த மூன்று வருடப் பிள்ளைகளுக்கு அவர்தானே ஆசிரியர்!

ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பதெல்லாம் இன்று மதிய உணவு இடைவேளையில், டிபன் பாக்ஸுகளுக்கு நடுவில் நடக்கிறது. தலைமையாசிரியர்கள் கால அட்டவணையிலேயே வாரம் ஒரு பீரியட் ஒதுக்கி, இரண்டு ஆசிரியர்களை ஒரே வகுப்பில் இருக்கவிட வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளில் அது முடியாது. அங்குள்ளவர்களுக்காக, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் உரைகளைக் குறைத்து, அரை மணி நேரம் செல்போனும் கையுமாக இருவர் இருவராக உட்கார விடுங்கள்.