வருமுன் காத்தல்

யாழ்ப்பாணத்துத் திருக்கோயில்கள் பலவற்றிலே, ஊஞ்சற் பாட்டோடு எச்சரிக்கை, பராக்கு, மங்களம் என்பனவும் பாடுதல் வழக்கம். எச்சரிக்கையாவது விழிப்பாயிருத்தல். முற்றுமுணர்ந்த இறைவனுக்கு அது வேண்டுவதன்று; கேட்டு நிற்கும் நமக்கே வேண்டும்.

அவ்விழிப்பு எதன்கண் வேண்டும்? ஐப்பசி மாரிக்கு முன் கூரை வேய்கின்றோம், கள்வர்க்கஞ்சிக் கதவடைக்கின்றோம். "பிராரத்தம் ஊட்டாதொழியாதே, முற்காப்பினாற் பயன் யாது?" என்பாருமுளர். அவர் வினையின் வகையை மறந்தாராவர். சஞ்சிதம் முன்னே ஈட்டிக் கிடப்பது. பிராரத்தம் இப்பிறப்பிற் புசிக்கப்படுவது. ஆகாமியமோ அதனைப் புசிக்கும்பொழுதே மனம் வாக்குக் காயங்களால் நாம் புதிதாக ஈட்டுவது. முன்னை வினையை மாற்ற வல்லேமல்லேமாயினும், இனி ஈட்டுவதனைக் காத்தல் கூடும். கூரை வேய்ந்தும் மழை புகுமாயின் அது பிராரத்தம் என்க. வேயாது சோம்பியிருந்து மனைவி மக்களை நனையவிடுதலோ புதிய தீவினையாம்; அதனை ஊழின்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

இதுபற்றியன்றோ, வருமுன் காவாதானைப் பழித்த குறளைத் திருவள்ளுவநாயனார் "குற்றங்கடிதல்" என்னும் 44 ஆம் அதிகாரத்தில் வைத்தார். பரிமேலழகரும் ஆண்டுக் குற்றம் வருமுன் காத்தலென்றே பொருள் கொண்டார். துன்பம் வருமுன் காத்தல் விலங்குகட்கும் உண்டு; குற்றம் வருமுன் காத்தல் மக்கட்கே உரியது.

அன்பர்களே! மாரிக்கு முன் கூரையை நோக்கும் நாம், சினத்துக்கு முன் நாவை நோக்காதிருத்தல் தகுமா? அடுத்த திருவிழாவில் எச்சரிக்கை கேட்கும்பொழுது, அது நம்மை நோக்கிய சொல்லென்று கொள்ளக்கடவோம்.