களைத்தவர் திரும்பும் தூரம்

டிஸ்னி வேர்ல்டைப் பார்க்க ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவுக்குப் போவது என்று முடிவானதும் ஒரு குடும்பத்தில் கிளம்பும் முதல் விவாதம், எங்கே தங்குவது என்பதுதான். திருப்பதிக்குப் போகிறவர்களிடம் "மேலே ரூம் கிடைச்சுதா?" என்று கேட்போமே, அதே அக்கறையோடு டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறவர்களிடமும் கேட்கிறார்கள். டிஸ்னியின் சொந்த விடுதி ஒன்றில் அறை எடுப்பதா, வெளியே கிஸிமியிலோ இன்டர்நேஷனல் டிரைவிலோ குறைந்த செலவில் ஓர் இடம் பிடித்து, தினமும் காரில் போய்வருவதா? பிள்ளைகள் தூங்கிய பிறகு கணவனும் மனைவியும் மடிக்கணினியை நடுவில் வைத்துக்கொண்டு இரவு இரவாகக் கணக்குப் போடுகிறார்கள். பெரும்பாலும் அது பணக் கணக்காகத் தொடங்கி, பணக் கணக்காகவே முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தக் கேள்விக்குள் பணத்தைவிடப் பெரிய ஒன்று ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே, வெளியே என்ற இந்தப் பிரிவினை தற்செயலாக வந்ததல்ல. 1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது வால்ட் டிஸ்னியின் கையில் இருந்தது சுமார் 160 ஏக்கர் நிலம். ஆரஞ்சுத் தோப்புகள் இருந்த இடம் அது. பூங்காவைக் கட்டி முடிக்கவே பணம் போதாமல் திண்டாடியவருக்கு விடுதி கட்ட வழியில்லை. தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜாக் ராதரைக் கேட்டுக்கொண்டு, அவருடைய முதலீட்டில்தான் டிஸ்னிலாண்ட் ஹோட்டல் எழுந்தது. உள்ளே நடப்பவர் கண்ணில் வெளியுலகம் படக்கூடாது என்று பூங்காவைச் சுற்றி டிஸ்னி மண்மேடு எழுப்பினார். மேட்டுக்கு அந்தப்புறத்தை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மோட்டல்களும் உணவகங்களும் பளபளக்கும் விளம்பரப் பலகைகளும் மளமளவென்று முளைத்தன. பூங்காவைப் பார்க்க வந்தவர்கள் தங்கவும் சாப்பிடவும் கொடுத்த காசு அக்கம்பக்கத்தாருக்குப் போயிற்று.

அந்த ஆதங்கம்தான் ஃபுளோரிடாவின் வரைபடத்தை மாற்றியது. 1960களின் நடுவில், யார் வாங்குகிறார்கள் என்றே வெளியே தெரியாதபடி, வெவ்வேறு நிறுவனங்களின் பெயரில் டிஸ்னி நிலம் சேர்த்தார். சதுப்பும் காடுமாக 27,000 ஏக்கருக்கு மேல், மன்ஹாட்டன் தீவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 1966 டிசம்பரில் அவர் காலமாகிவிட, அண்ணன் ராய் டிஸ்னி வேலையை முடித்து 1971 அக்டோபர் 1 அன்று வால்ட் டிஸ்னி வேர்ல்டைத் திறந்தார். இந்த முறை விடுதிகளும் உள்ளேயே இருந்தன. கன்டெம்பரரி என்ற விடுதியின் கட்டடத்துக்கு உள்ளேயே மோனோரயில் நுழைந்து போகும். அங்கே தங்குகிறவர்கள் பத்து நிமிடம் நடந்தால் மேஜிக் கிங்டம் பூங்காவின் வாசலில் நிற்கலாம். வெளியிலிருந்து காரில் வருகிறவர்களுக்கான நிறுத்துமிடமோ, மனிதர் வெட்டிய ஒரு ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. காரை விட்டு இறங்கி, சோதனைகளைத் தாண்டி, படகிலோ மோனோரயிலிலோ ஏரியைக் கடந்தால்தான் பூங்கா வாசல். அன்றாட உலகத்தை அக்கரையில் விட்டுவிட்டு வாருங்கள் என்பது அந்த ஏற்பாட்டின் பொருள்.

காலையில் அந்தப் படகுப் பயணம் ஆனந்தம்தான். தூரத்தில் கோட்டையின் கோபுரம் தெரிந்ததும் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார்கள். இரவில் வாணவேடிக்கை முடிந்த பிறகு அதே படகுத்துறையைப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வெளியேறுகிறார்கள். தூங்கிப்போன குழந்தையின் தலை அப்பாவின் தோளில் தொங்குகிறது. அம்மாவின் ஒரு கையில் பை, இன்னொரு கையில் தூக்கம் சொக்கும் மூத்தவனின் விரல்கள். படகு வந்து, அக்கரை சேர்ந்து, காரை எங்கே விட்டோம் என்று தேடி, நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து, அறைக் கதவைத் திறக்கும்போது நள்ளிரவு ஆகியிருக்கும்.

உள்ளே தங்குகிறவர்களுக்கு இந்தச் சிரமமே இல்லை என்பதும் உண்மையல்ல. பல விடுதிகளுக்குப் பேருந்துதான். பேருந்தில் ஏறத் தள்ளுவண்டியை மடக்க வேண்டி வரலாம். மடக்க வேண்டுமென்றால் அதில் தூங்கும் குழந்தையைத் தூக்க வேண்டும். இருந்தாலும் தூரம் குறைவு, கார் ஓட்டும் கவலை இல்லை.

கூர்ந்து பார்த்தால், உள்ளே இருக்கும் விடுதி விற்பது அறையை அல்ல, நேரத்தை. டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்கள் மற்றவர்களுக்கு 30 நிமிடம் முன்பாகவே பூங்காவுக்குள் போகலாம். உயர்ந்த கட்டண விடுதிகளில் இருப்பவர்களுக்குச் சில இரவுகளில் கூடுதல் நேரமும் உண்டு. நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் லைட்னிங் லேன் வசதியை, 2024இல் வந்த மாற்றத்தின்படி, உள்ளே தங்குகிறவர்கள் 7 நாட்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். மற்றவர்களுக்கு 3 நாட்கள்தான். ஆக, அறை வாடகையில் கணிசமான பங்கு நிமிடங்களின் விலை.

வெளியே விற்கப்படுவது இடம். டிஸ்னி விடுதியின் சாதாரண அறையில் நான்கு பேர் தங்கலாம். அதே பணத்துக்கு, பல சமயம் அதைவிடக் குறைவாகவே, கிஸிமிப் பக்கம் மூன்று நான்கு படுக்கையறைகள் கொண்ட தனி வீடு கிடைத்துவிடும். சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், பின்பக்கம் சிறு நீச்சல்குளம் எல்லாம் அதில் அடக்கம். அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில் பலரும் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் மாதங்களில்தான் ஆர்லாண்டோ பயணத்தை வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சமையலறை பெரிய வரம். குக்கரில் சாதம் வைத்து, தயிர் கலந்து, காலையிலேயே டப்பாவில் போட்டுக்கொண்டால் மதியத்துக்கு ஆயிற்று. கண்ணாடிப் பாத்திரமாக இல்லாதவரை வீட்டுச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் கொண்டுபோக டிஸ்னி அனுமதிக்கிறது. பூங்காவில் சைவமாக என்ன கிடைக்கும் என்று பாட்டி தேடி அலைய வேண்டியதில்லை.

உள்ளே நேரம், வெளியே இடம் என்று ஆகிவிட்ட பிறகு, எது லாபம் என்று பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. ஏனென்றால் நேரத்தை வாங்கியவர்களும் இடத்தை வாங்கியவர்களும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரே நிலையில் வந்து நிற்கிறார்கள்.

ஃபுளோரிடாவின் கோடைப் பிற்பகலை அனுபவித்தவர்களுக்கு இது புரியும். வெயில் தரையிலிருந்தும் அடிக்கும். காற்றில் ஈரம் கனக்கும். திடீரென்று வானம் கறுத்து இடி இறங்கும். மின்னல் கிட்ட வந்துவிட்டால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் பூங்காவின் எந்த மூலையிலும் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும். காரணம் கேட்டால் பலூன் என்று சொல்லும், ஐஸ்கிரீம் என்று சொல்லும். உண்மைக் காரணம் உடம்பு. காலை ஆறு மணிக்கு எழுப்பப்பட்ட உடம்பு இதற்குமேல் முடியாது என்கிறது. கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் உடம்பும் அதையேதான் சொல்கிறது. குழந்தை அழுது சொல்கிறது, தாத்தா வாய் திறக்காமல் இருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

திரும்பிப் போய் இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, சாயங்காலம் மறுபடி வரலாம். அன்றைக்கு வாங்கிய சீட்டிலேயே திரும்ப உள்ளே விடுவார்கள். ஆனாலும் பெரும்பாலானவர்கள் போவதில்லை. ஒரு நாள் நுழைவுச்சீட்டு 100 டாலருக்கு மேல். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் அந்த எண் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே தங்குகிறவர், இவ்வளவு கொடுத்து வாங்கிய அதிகாலை அரைமணி நேரத்தையும் விடக்கூடாது, இரவுக் கூடுதல் நேரத்தையும் விடக்கூடாது என்று பிள்ளைகளை இரண்டு முனையிலும் இழுக்கிறார். வெளியே தங்குகிறவர், இவ்வளவு தூரம் வந்து, காருக்கும் கட்டணம் கட்டி, ஏரியும் தாண்டிய பிறகு நடுவில் திரும்புவதா என்று வாணவேடிக்கை வரை பிடித்துவைக்கிறார். காரணங்கள் வேறு, களைப்பு ஒன்று. கொடுத்த பணத்தை முழுவதும் வசூல் செய்துவிட வேண்டும் என்ற துடிப்பில், எதற்காகப் பணம் கொடுத்தோமோ அந்தச் சந்தோஷத்தையே செலவழித்துவிடுகிறோம்.

இங்கேதான் எனக்கு ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு குடும்பத்தின் சந்தோஷத்துக்கு வேகம் என்று ஒன்று உண்டு. அதைத் தீர்மானிப்பவர் முன்னால் ஓடுகிறவர் அல்ல, கடைசியில் நடந்து வருகிறவர். நான்கு பேர் குதூகலமாக இருந்து ஒருவர் மட்டும் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தால், அந்த நாலு பேரின் குதூகலமும் முழுமையானதல்ல. வருடங்கள் கழித்து அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது எத்தனை சவாரி போனோம் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. யார் யாரிடம் எரிந்து விழுந்தார்கள், யார் யாரை மடியில் போட்டுத் தூங்கவைத்தார்கள் என்பது தங்கிவிடுகிறது.

ஆகவே நல்ல தங்குமிடம் எது என்பதற்கு அளவுகோல் வாடகையும் அல்ல, மைல் கணக்கும் அல்ல. களைத்துப்போனவர் எவ்வளவு எளிதாகத் திரும்பிவர முடியும் என்பதே அளவுகோல். எளிது என்றால் பாதை எளிது என்பது மட்டுமல்ல. மற்றவர்களின் மகிழ்ச்சியைக் கெடுத்துவிட்டோமே என்ற கூச்சம் இல்லாமல் திரும்ப முடிய வேண்டும்.

கைக்குழந்தையும் நாலு வயதுப் பிள்ளையும் உள்ள வீட்டுக்கு, மோனோரயில் பாதையில் இருக்கும் விடுதி விலை அதிகம் என்றாலும் நியாயமானது. சின்னவனை அம்மா அறைக்குத் தூக்கிப்போக, பெரியவள் அப்பாவோடு சவாரியில் இருக்கலாம். யாரும் யாருக்காகவும் ஏங்க வேண்டியதில்லை. முழங்கால் வலியோடு ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு வெளியே இருக்கும் வீடே மேல். "இன்னைக்கு நீங்க போய்ட்டு வாங்கப்பா" என்று தாத்தா சொன்னால், அவரை ஓட்டல் அறையின் நான்கு சுவர்களுக்குள் அடைத்துவிட்டுப் போகிறோம் என்ற உறுத்தல் இருக்காது. காபி போட்டுக்கொள்ள அடுப்பு இருக்கிறது, உலாவ முற்றம் இருக்கிறது, பேச பாட்டி இருக்கிறாள். வளர்ந்த பிள்ளைகள் மட்டும் என்றால் எங்கே தங்கினாலும் நடக்கும். அவர்களுக்கு மிச்சப்படும் பணத்தில் இன்னொரு நாள் சேர்த்துக்கொடுப்பது புத்திசாலித்தனம்.

வெளியூரில் நாம் எடுக்கும் அறை, சில நாட்களுக்கு நம் வீடு. முடியாதபோது வந்து விழ இடம் தருவதுதான் வீட்டின் முதல் வேலை. 27,000 ஏக்கருக்கு உள்ளே இருந்தாலும், ஏரிக்கு அக்கரையில் இருந்தாலும், அந்த ஒரு வேலையைச் செய்யும் இடமே நமக்கு உள். அதைச் செய்யாத இடம் கோட்டை வாசலுக்கு எதிரே இருந்தாலும் வெளிதான்.

எனவே பதிவு செய்வதற்கு முன்னால், குடும்பத்தில் யார் அதிகம் ஆசைப்படுகிறார் என்று பார்க்காதீர்கள். யார் முதலில் களைப்பார் என்று பாருங்கள். அவரிடம் போய், எங்கே தங்கினால் உங்களுக்குச் சௌகரியம் என்று கேளுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான்: "எனக்கென்னப்பா, எங்கன்னாலும் சரி." அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேளுங்கள்.